நிரூபண நோட்டுகளைப் பற்றி

அன்புள்ள சாமா,

இங்கே அனைவரும் சௌக்கியம். அக்காவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் உன்னைத் திட்டத் தொடங்கிவிட்டாள்.

உடனே எழுதுவதற்குக் காரணம், ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி நம் கோயிலில் நடந்த நந்தன் சரித்திரக் கதாகாலட்சேபம். சொன்னது ஓர் இளம்பெண். பெண் என்பதற்காகவே சபாக்கள் மறுத்தும் விடாமல் நின்று ஜெயித்த சி. சரஸ்வதி பாய் திறந்த வழியில் வந்தவள் என்று கண்ணாடி மாமா பெருமையோடு அறிமுகம் செய்தார். ஆனால் உற்சவக் குழுவினரோ, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவளிடம் முன்பே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

நேரம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது எது என்பது உனக்குத் தெரியும். கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைகளில் யாரும் கைவைக்க மாட்டார்கள், அவற்றுக்குத்தான் கைதட்டல். போவதெல்லாம் மராத்தி மெட்டில் அமைந்த நிரூபணப் பாட்டுகளான சாகியும் திண்டியும் ஓவியும்தான். தஞ்சாவூருக்கு வந்த மோர்காம்கர் பாவாவின் மராத்திக் கீர்த்தனத்தில் மனத்தைப் பறிகொடுத்த தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர், அந்த மெட்டுகளை நம் சங்கீதத்தோடு இணைத்து இந்தக் கலைக்கு உருவம் கொடுத்தாரே, அந்த உருவமே இந்த நிரூபணப் பாட்டுகளில்தான் இருக்கிறது. கதையை நடத்திச் செல்பவை அவை. அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, நடுநடுவே பேச்சு வரும் கச்சேரி மட்டுமே.

அப்படியும் அந்தப் பெண் ஓர் இடத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. திருப்புன்கூரில் நந்தி மறைக்க, சுவாமியைக் காணாமல் நந்தன் தவிக்கும் கட்டம். 'வழி மறைத்திருக்குதே' என்று நாட்டக்குறிஞ்சியில் எடுத்தவள், பாதி அடியில் கையில் தாளம் போட்ட சிப்ளாக்கட்டையைச் சட்டென்று நிறுத்தி, பாட்டையும் விட்டுவிட்டாள். பின்பாட்டுக்காரர் அந்த அடியை ஏந்திக்கொள்ள, மிருதங்கத்தில் இடப்பக்கத் தொப்பி மட்டும் மெல்ல முனக, அவள் கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து, இல்லாத நந்தியைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். முன்வரிசைக் குழந்தைகளும் கூடவே எட்டிப் பார்த்தன. திருப்புன்கூருக்கு இவ்வளவு அருகில் பிறந்து வளர்ந்த நானே அன்றுதான் அந்தத் தவிப்பை உணர்ந்தேன். உன் அப்பாவின் பின்பாட்டு நினைவுக்கு வந்தது. பக்கத்தில் தம்பூராவோடு உட்கார்ந்து நீ தூங்கிச் சரிந்ததும் வந்தது.

முடிந்ததும் அவளிடம் பேசினேன். பதிவுகளைக் கேட்டுச் சில சாகிகளைப் பாடம் பண்ணியிருக்கிறாளாம்; மற்றவை எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். உன் வீட்டுப் பரணில், தகரப் பெட்டியில் கிடக்கின்றன என்று சொல்லிவிட்டேன். அப்பா கைப்பட எழுதிய அந்த நோட்டுகளில் பாட்டு மட்டுமா இருக்கிறது? எங்கே வசனத்துக்குத் திரும்ப வேண்டும், எங்கே பின்பாட்டு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் ஓரத்தில் சிவப்பு மையில் குறித்திருப்பார். அது அச்சில் எங்கும் கிடைக்காது, சாமா. கறையான் முந்திக்கொண்டால் போனது போனதுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியை இறக்கு. தையலைப் பிரிக்காமல், ஓரக் குறிப்புகள் விட்டுப்போகாமல், பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பு. கிரந்த எழுத்தில் இருக்கும் பக்கங்களைக் கண்ணாடி மாமா படித்துச் சொல்வார். நான் தமிழில் எழுதி அவளிடம் சேர்த்துவிடுகிறேன். நந்தன் சரித்திரம் முதலில் வரட்டும்.

அன்புடன்,
உன் ரகு