அப்பா தென்காசிக்குப் போகலாம் என்கிறார்

மடிப்பாக்கம்,
ஐப்பசி 5

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். மருமகளும் குட்டியும் நலமாயிருப்பார்கள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேச ஆரம்பித்தால் அப்பா "ஸ்பீக்கர்ல போடு" என்பார். அப்புறம் நான் சொல்ல வந்ததை அவரே சொல்லி முடித்துவிடுவார். அதனால் அவர் மத்தியானம் தூங்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

ஆடியில் மூன்று வாரம் தென்காசி பக்கத்து இலஞ்சியில் வாடகை வீடெடுத்துத் தங்கிவிட்டு வந்தோமே, அதிலிருந்து அங்கேயே குடிபோய்விடலாம் என்று அவருக்கு இதே பேச்சு. செய்யாறு பக்கத்து வெயிலில் வளர்ந்த மனிதர். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சாரல் விழுவதைத் திண்ணையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். மயங்கிப்போய்விட்டார். அந்த ஊரில் பிறந்த எனக்கு அவ்வளவு மயக்கம் இல்லை. சாரல் அழகுதான். ஆனால் அந்த மூன்று வாரமும் துவைத்த துணியைக் காய வைக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாலு நாளானாலும் ஈரம் போகாது. உன் அப்பாவின் வேட்டியை மின்விசிறிக்கு அடியில் நாற்காலியில் விரித்துப்போட்டு, திருப்பித் திருப்பிப் போட்டு, கடைசியில் இஸ்திரிப்பெட்டியால்தான் காய வைத்தேன். அவர் கண்ணுக்கு அதெல்லாம் படவில்லை.

பணக் கணக்கு கேட்டிருந்தாய். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இங்கே மருந்து தவிர்த்து மாதம் சராசரி 41,000 ஆகிறது. பராமரிப்பு, வேலைக்கு வரும் அம்மா, ஆட்டோ எல்லாம் சேர்த்து. கோடையில் லாரித் தண்ணீர்ப் பங்கு தனி. அங்கே வாடகை 9,000, மற்றச் செலவு 20,000-க்குள் அடங்கிவிடும். இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் 18,000 வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பாவின் செக்கப்புக்குச் சென்னை வந்துபோவது, வீட்டு வரி, சில்லறை ரிப்பேர் எல்லாம் கழித்தால்கூட இப்போதைவிட மாதம் 25,000 கூடுதலாகக் கையில் நிற்கும். (முன்பு ரயிலில் எங்களுக்குக் கிடைத்த மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். இன்னும் திருப்பித் தரவில்லை. அந்தக் கோபம் அப்பாவுக்கு ஆறவே இல்லை.)

நோட்டை மட்டும் பார்த்தால் நாளைக்கே மூட்டை கட்டலாம். இங்கே இருப்பும் சுகமாக இல்லை. மெட்ரோ வேலைக்காக மெயின்ரோட்டைத் தோண்டிப் போட்டு எத்தனை வருஷம் ஆகிறது. மார்க்கெட்டுக்குப் போய் வந்தால் புடவை மடிப்பில் மண் உதிர்கிறது. மேடும் பள்ளமுமாய் நடந்து நடந்து அப்பாவின் முழங்கால் வீங்கிவிடுகிறது. 2015-ல் தண்ணீர் கீழ்வீட்டு ஜன்னல் வரைக்கும் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். 2019-ல் நேர்மாறாக, ஏரியெல்லாம் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. "போதும் இந்த ஊர்" என்று அப்பா அப்போதுதான் முதல்முதலாகச் சொன்னார். சொல்லி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, தாமிரபரணி பெருகி திருநெல்வேலியும் தூத்துக்குடியும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அதை அவருக்கு ஞாபகப்படுத்தினால் "அது தென்காசி இல்லை" என்கிறார்.

அங்கே அமைதி என்று அப்பா சொல்கிறாரே, அதையும் கேள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்கும் குற்றாலத்தில் சீசன். இலஞ்சி வழியாக வேனும் காரும் போய்க்கொண்டே இருக்கும். கார்த்திகை பிறந்தால் ஐயப்பமார் வண்டி. இதெல்லாம் போக, கல்லும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும் டிப்பர் லாரிகள். ராத்திரி ஜன்னல் கண்ணாடி அதிரும். 2019-ல் தனி மாவட்டம் ஆனபிறகு ஊரே மாறிவிட்டது, வாடகையும் ஏறிவிட்டது என்று வீட்டுக்காரம்மா சொன்னார். நான் சின்னப்பிள்ளையாய்ச் சிற்றாற்றில் குளித்த ஊர் இல்லை இது. மாமா எங்கள் வீட்டை விற்று இருபது வருஷமாயிற்று. குமாரர் கோயிலுக்குப் போகும் வழியில் அந்த வாசலைக் கடந்தேன். கிரில் கதவு போட்டு பைக் நிறுத்தியிருக்கிறார்கள். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். அங்கே இருந்த இரண்டாவது வாரத்தில் அப்பாவின் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை தீர்ந்துவிட்டது. மெடிக்கலில் கேட்டால், "அந்தக் கம்பெனி இல்ல, நாளைக்கு திருநெல்வேலில இருந்து வந்துரும்" என்றான் பையன். வந்தும் விட்டது. ஆனால் அந்த ஒரு ராத்திரி நான் தூங்கவில்லை. அவர் மூச்சு விடுகிறாரா என்று இரண்டு முறை எழுந்து பார்த்தேன். தென்காசியில் மாவட்ட அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இதயத்துக்கு ஏதாவது என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும், 50 கிலோமீட்டருக்கு மேல். இங்கே அவருக்கு ஸ்டென்ட் வைத்த அன்று இருபது நிமிஷத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. நம் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாரே ஒரு பெரியவர், அவர் பாத்ரூமில் விழுந்து ஒரு பகல் ஒரு ராத்திரி யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் வேலைக்காரம்மா வந்துதான் கதவை உடைத்தார்கள். இலஞ்சியில் அப்படி நடக்காது. எட்டு மணிக்கு நாங்கள் வாசல் தெளிக்கவில்லை என்றால் எட்டே காலுக்கு எதிர்வீட்டம்மா வந்து நிற்பாள். கூடவே, "மகன் ஏன் வரல, மருமக எந்த ஊரு, மாசம் எவ்வளவு அனுப்புறான்" என்றும் கேட்பாள். போன மூன்றாம் நாளே கேட்டுவிட்டாள்.

எனக்கு 66, அப்பாவுக்கு 72. யார் முந்தி என்று யாருக்குத் தெரியும். நான் முந்திப் போனால் அவர் அங்கே பிழைத்துக்கொள்வார். திண்ணையில் உட்கார்ந்தாலே அவருக்கு நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். அவர் முந்திப் போனால்? பிறந்த ஊரில் புருஷன் இல்லாமல் இருப்பதை என் அத்தை இருந்து நான் பார்த்திருக்கிறேன். எந்த விசேஷத்துக்குப் போகிறாள், எங்கே முன்னால் நிற்கிறாள் என்று ஊர் கணக்கெடுக்கும். இங்கே எனக்கு வெள்ளிக்கிழமை திருப்புகழ்க் கூட்டம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது. நான் எந்தக் கலர் புடவை கட்டினாலும் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. இதை உன் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் வயதானவர்களுக்கென்று கட்டியிருக்கும் குடியிருப்பைச் சொன்னாயே, படமெல்லாம் அனுப்பினாய். சுத்தமாகத்தான் இருக்கிறது. சமைக்க வேண்டாம், நர்ஸ் இருக்கிறாள். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போகாத தெருவில் எனக்கு இருப்புக்கொள்ளாது. அதற்காக இந்த வீட்டை விற்கவும் நான் சம்மதிக்க மாட்டேன். இதில் நீ அப்பாவோடு சேர்ந்துகொள்ளாதே.

என் யோசனை இதுதான். வீட்டை விற்காமல் வாடகைக்கு விடுவோம், பதினொரு மாத ஒப்பந்தம். அங்கேயும் பதினொரு மாதம். சாரலையும் பார்த்த மாதிரி இருக்கும், பங்குனி வெயிலையும் பார்த்த மாதிரி இருக்கும். மாத்திரை எப்போதும் இரண்டு மாதத்துக்குக் கையிருப்பு. பெரிய சாமான் எதுவும் தூக்கப்போவதில்லை, உன் மேஜை உட்பட. பாதியில் திரும்பி வந்தால் தோற்றுவிட்டோம் என்று அப்பா நினைத்துக்கொள்வார். அப்படி இல்லை என்று நீ இப்போதே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை. நான் சொன்னால் எடுபடாது.

நாங்கள் போனால், லீவுக்கு வரும்போது சென்னைக்கு டிக்கெட் போடாதே. துபாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேர் விமானம் இருக்கிறது. அங்கிருந்து ஆரியங்காவு வழியாகக் காரில் மூன்று மணி நேரம். மலைப்பாதை, குட்டிக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். பிரானூர் பார்டர் புரோட்டாக் கடைக்கு அப்பாவைக் கூட்டிப்போகிறேன் என்று மட்டும் ஆசை காட்டிவிடாதே. டாக்டர் சொன்னதையெல்லாம் அந்த வாசனையில் மறந்துவிடுவார்.

தை ஒன்றாம் தேதிக்குள் அட்வான்ஸ் கொடுப்பதா இல்லையா என்று வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்ல வேண்டும். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் நேற்று அலமாரியில் ஒரு பொட்டலம் கிடைத்தது. பிரித்துப் பார்த்தால் நைலான் கயிறு, இருபது மீட்டர். எதற்கு என்று கேட்டேன். "அங்க உள்ரூம்ல குறுக்க நாலு வரி கட்டிட்டா உன் துணி காஞ்சிரும்" என்றார்.

இப்படிக்கு,
அம்மா