பச்சை மைக் கையெழுத்து

பழைய வண்ணாரப்பேட்டை
14.7.2024

அன்புள்ள சேகர்,

அப்பாவின் காரியத்துக்கு வந்து நீ ஊர் திரும்பிய மறுவாரம் பீரோவைக் குடைந்தேன். அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில், மின்வாரிய அட்டையோடு நூல் சுற்றிய ஓர் உறை. அப்பாவின் உயில், 1998-ல் எழுதியது. கடைசிப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து, அதன் கீழே நம் தமிழ் ஐயாவுடையது, அடுத்துப் பச்சை மையில் உன்னுடையது! குமாஸ்தா வேலையில் சேர்ந்த புதிதில் பெரிய அதிகாரி போலப் பச்சைப் பேனாவோடு அலைவாயே, அதை நினைத்துச் சிரித்துவிட்டேன்.

கீழ்வீடு அக்காவுக்கு, மாடி எனக்கும் தம்பிக்கும் என்று எழுதியிருக்கிறார். அக்கா புகுந்த வீட்டை விட்டு வந்த வருடம் அது. அப்பாவின் கணக்கு எனக்குப் புரிகிறது, தம்பிக்குப் புரியவில்லை. உயிலே இல்லாவிட்டால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் சமபங்கு, அதுதான் நியாயம் என்கிறான். வங்கி டெபாசிட்டுக்கு அவன்தான் நாமினி. நாமினி பணத்தை வாங்கி வைப்பவர், சொந்தக்காரர் அல்ல என்று வக்கீல் சொன்னதிலிருந்து என்னோடு பேச்சில்லை.

வீடு பழைய சென்னை எல்லைக்குள் இருப்பதால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் இந்த 2024-ல் உள்ளபடி உயர் நீதிமன்றம் போயே ஆகவேண்டும். உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்றைத் தெருவில் எல்லோரும் புரோபேட் என்கிறார்கள். உயிலை நிறைவேற்ற அப்பா யாரையும் நியமிக்காததால் எங்களுக்கு வருவது லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷனாம், அதாவது உயிலின்படி சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரப் பத்திரம். பெயர்தான் வேறு, அலைச்சல் ஒன்றே. தம்பி கேவியட் என்கிற ஆட்சேப மனு போட்டு எதிர்த்தால் மனு வழக்காகிவிடும்.

இனி உன் விஷயம். உயிலில் இரண்டு சாட்சிகள் வேண்டும், அதை நிரூபிக்க ஒருவர் போதும். ஐயா கொரோனாவில் போய்விட்டார். மிச்சம் நீதான். அப்பா கையெழுத்திட்டதைப் பார்த்தாயா, அவர் முன்னிலையில் நீயும் இட்டாயா என்று பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும். தம்பியை சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் நீ. உனக்கு இது சங்கடம் என்று தெரியும். நினைவில் இருப்பதை மட்டும் சொல். இல்லையென்றால் இல்லை என்றே சொல், நான் கோபிக்க மாட்டேன். பச்சை மையை நான் நினைவூட்டியதே தப்போ என்னவோ.

நம் வீட்டிலேயே தங்கிக்கொள். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி, அடுத்தது உயர் நீதிமன்றம். தடைக்காலம் முடிந்து காசிமேட்டுக்கு மீன் வரத் தொடங்கிவிட்டது. வஞ்சிரம் வாங்க வேண்டும், தேதியை முன்னதாகவே எழுதச் சொல் என்கிறாள் அக்கா.

அன்புடன்,
முருகேசன்