முதலில் கடிகாரம், பிறகு ஸ்பீடோமீட்டர்: டிஜிட்டல் மீட்டர் பழுது குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைத் துறை அமைச்சகம், புது தில்லி, வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு.

வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கல்லல் பகுதிகளில் இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் மெக்கானிக்குகள் சேர்ந்து எழுதும் மடல் இது. பேச வந்தது ஒரே ஒரு பாகத்தைப் பற்றி: ஹேண்டில்பாருக்கு முன்னால் இருக்கும் டிஜிட்டல் மீட்டர். குறிப்பிட்ட ஒரு மாடலில் இந்த மீட்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது, வயரை மீட்டரோடு இணைக்கும் கப்ளரின் பின்கள் அரித்துப்போகின்றன, கடைசியில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகம் காட்டும் எண் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. மாடலின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் பொதுவில் போடவில்லை. சேசிஸ் எண்கள், மீட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்கள், படங்கள் எல்லாம் இணைப்பாக உங்களுக்குத் தனியே வருகின்றன. இதே மீட்டர் வேறு வண்டிகளிலும் பொருத்தப்பட்டிருக்கலாம் என்பதால்தான் பழுதின் விவரத்தைத் திறந்த மடலாக எழுதுகிறோம்.

மீட்டர் அணைந்துபோனால் ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். 38 என்று நின்றுபோனால் தெரியாது. திருமயம் பக்கமிருந்து நெடுஞ்சாலையில் 70இல் வருகிறவர் ஊர் எல்லைக்குள் நுழையும்போது மீட்டரைப் பார்த்து, மெதுவாகத்தான் போகிறோம் என்று நம்பிவிடுவார். வேகமானியைப் பொறுத்தவரை உலக அளவில் பின்பற்றப்படும் ஐ.நா. விதிமுறை 39 ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை: காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. கூடுதலாகக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் 4 கிலோமீட்டரும் சேர்ந்த அளவுக்குள். அதாவது 60இல் ஓடும் வண்டி 70 வரை காட்டலாம், 59 காட்டக்கூடாது. நம் நாட்டிலும் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 117ஆம் விதி வேகமானிக்கென்றே இருக்கிறது. உறைந்து நிற்கும் மீட்டர் இதற்கெல்லாம் வெளியே போய்விடுகிறது. அப்படியிருக்க, வாரண்டிப் படிவத்தில் இந்தப் பழுதைத் ‘தோற்றக் குறைபாடு’ என்று எழுதுகிறார்கள். அந்தக் கட்டத்தில் டிக் போடுகிறவர் ஒருமுறை இந்த வண்டியை ஓட்டிப் பார்க்கட்டும்.

பெட்ரோல் அளவும் இதே மீட்டரில்தான். கார்புரேட்டர் வண்டியில் டேங்குக்குக் கீழே ரிசர்வ் குழாய் இருந்தது. முள் பொய் சொன்னாலும் வண்டி திணறும், ரிசர்வில் திருப்பி அடுத்த பங்க் வரை போய்விடலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலும் பியூயல் இன்ஜெக்‌ஷன் ஆகிவிட்டது, ரிசர்வ் குழாய் இல்லை. மீட்டர் பாதி டேங்க் என்று காட்டிக்கொண்டே இருக்க, வண்டி பொட்டல் நடுவில் நிற்கும். டேங்குக்குள் இருக்கும் பம்புக்குச் சூடு தணிப்பதும் பெட்ரோல்தான். அடிக்கடி வற்றவிட்டால் பம்பும் போய்விடும். ஏபிஎஸ் விளக்கு, என்ஜின் கோளாறு விளக்கு இரண்டும் இந்த மீட்டருக்குள்ளேயே இருப்பதால் பிரேக் எச்சரிக்கையும் கூடவே மறைகிறது.

இனி, தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பது. கண்ணாடிக்கும் கூட்டுக்கும் இடையில் பசையும் ரப்பர் வளையமும் இருக்கின்றன. உள்ளே இருக்கும் காற்று வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். அது வந்து போக மீட்டரின் முதுகில் சிறிய மூச்சுத்துளை வைத்து, மெல்லிய சவ்வால் மூடியிருக்கிறார்கள். காற்று போகும், தண்ணீர் போகாது என்பது ஏற்பாடு. இந்த மாடலில் அந்தத் துளை மேல்நோக்கிய சரிவில் இருக்கிறது. செம்மண் தூசி அதில் படிகிறது. புதுவயல் அரிசி ஆலைப் பக்கம் ஓடும் வண்டிகளில் உமித் தூசியும் சேர்ந்து கெட்டியாக அடைத்துக்கொள்கிறது. பிறகு பிள்ளையார்பட்டியிலோ குன்றக்குடியிலோ திறந்தவெளியில் உச்சி வெயிலில் நிற்கும் வண்டியைக் கொண்டுவந்து நேராக வாட்டர் வாஷுக்கு விடுகிறார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் சூடான காற்று சட்டென்று சுருங்குகிறது. சூடான தூக்குச்சட்டியை மூடித் தண்ணீரில் இறக்கினால் மூடி உள்ளிழுத்துக்கொள்வது போலத்தான். மூச்சுத்துளை அடைத்திருப்பதால் காற்று வேறு வழி தேடுகிறது, ரப்பர் வளையத்தின் பலவீனமான இடத்தில் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. புது மீட்டரைச் சாதாரண வெப்பத்தில் தண்ணீர் தெளித்துச் சோதித்தால் இது அகப்படாது. தூசி ஏற்றி, 70 டிகிரிக்குச் சுடவைத்து, உடனே குளிர்நீர் பாய்ச்சிப் பார்க்க வேண்டும்.

வெளியே கப்ளரிலும் ஒரு கோளாறு. வயர் கட்டு மேலிருந்து நேராகக் கப்ளருக்குள் இறங்குகிறது. கீழே ஒரு வளைவு விட்டு மேலேற்றிச் செருகியிருந்தால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இப்போது வயரையே பிடித்துக்கொண்டு பின் வரைக்கும் போகிறது. அங்கே பேட்டரியிலிருந்து நேராக வரும் 12 வோல்ட் பின்னும் எர்த் பின்னும் அருகருகே. கடிகாரத்துக்கும் நினைவகத்துக்கும் சாவி அணைந்திருந்தாலும் மின்சாரம் வேண்டும், அதனால் அந்தப் பின்னில் எந்நேரமும் மின்சாரம் இருக்கிறது. இடையில் ஈரம் இருந்தால் மின்னாற்பகுப்பு நடக்கும். நேர்மின் பக்கத்து உலோகம் கரையும். வீட்டு வாசலில் சும்மா நிற்கும் வண்டியிலும் இது ஓயாது. கழற்றிப் பார்த்த கப்ளர்களில் பச்சைக் களிம்பு எப்போதும் அந்த ஒரு பின்னில்தான் அதிகம். அரிமானத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், காரைக்குடியிலேயே இருக்கிறது. நிறுவனம் விரும்பினால் பின்களை அங்கே கொடுத்துப் பார்க்கலாம்.

அதனால்தான் பழுதின் வரிசையும் மாறுவதில்லை. முதலில் கடிகாரம்: ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் ஆரம்ப நேரத்துக்குத் திரும்பும். யாரும் பொருட்படுத்துவதில்லை, பேட்டரி பலவீனம் என்று விட்டுவிடுவார்கள். அடுத்து டிரிப் மீட்டர் தானாகப் பூஜ்யமாகும். பிறகு கண்ணாடியின் கீழ் ஓரத்தில் நீர்த்துளிக் கோடு, எண்களில் ஒன்றிரண்டு கோடுகள் விடுபடுதல், செல்ஃப் அடிக்கும்போது திரை மினுக்குதல். அதற்கப்புறம்தான் வேகம் உறைகிறது. மின்னழுத்தம் ஒரு கணம் தாழும்போது கணிப்புச் சில்லு தடுமாறி நின்றுவிட, திரையை இயக்கும் பகுதி மட்டும் கடைசியாக வந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. சில்லு நின்றால் தானே மீட்டெழுப்பும் காவல் சுற்று இருக்க வேண்டும். தகவல் வராவிட்டால் எண்ணுக்குப் பதில் இரண்டு சிறு கோடுகளைத் திரை காட்ட வேண்டும். தண்ணீர் புகுவதை நிறுத்த மீட்டர் கூட்டை வார்க்கும் அச்சையே மாற்ற வேண்டியிருக்கலாம், நாளாகும். இந்த இரண்டும் மென்பொருளிலும் சுற்றிலும் செய்கிற திருத்தம்.

வேறு பழுதுகளையும் இதில் சேர்த்துப் புகார் குவிக்க எங்களுக்கு விருப்பமில்லை. அதனால் ஒரு வண்டியை இந்தப் பட்டியலில் சேர்க்குமுன் பார்க்க வேண்டியதைச் சொல்கிறோம். மற்ற ஊர் மெக்கானிக்குகளும் இதே முறையில் பார்த்தால் புகார்கள் ஒரே அளவுகோலில் இருக்கும். பேட்டரி முனையில் என்ஜின் அணைந்தபோது 12.4 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. என்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடும்போது 13.5 முதல் 14.8 வரை இருக்கலாம். 15ஐத் தாண்டினால் குற்றவாளி சார்ஜ் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், மீட்டர் அல்ல. அடுத்து, கப்ளரைக் கழற்றாமல் பின்பக்கமாக மல்டிமீட்டரின் முள்ளைச் செருகி, மீட்டருக்கு வரும் 12 வோல்ட்டை ஹெட்லைட் எரியும்போது அளக்க வேண்டும். பேட்டரியில் இருப்பதற்கும் இங்கே வருவதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் பின்னோ பியூஸ் ஹோல்டரோ அரித்திருக்கிறது. பிறகு வேக சென்சார். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, சாவியை ஆன் செய்து, மூன்று வயரில் சிக்னல் வயரை அளந்தபடி சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் 0க்கும் 5 வோல்ட்டுக்கும் மாறி மாறித் துடிக்கும். துடிப்பு சரியாக வந்தும் திரையில் எண் அசையவில்லை என்றால்தான் மீட்டர் பழுது. துடிப்பே இல்லை என்றால் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள்.

அளவு மாற்றிய முன் டயர் போட்ட வண்டி கணக்கில் வராது. சென்சார் கியர்பாக்ஸில் இருக்கும் மாடல்களில் பல் எண்ணிக்கை மாறிய ஸ்பிராக்கெட்டும் அப்படியே. நேரான சாலையில் 40இலும் 60இலும் நிலையாக ஓட்டி, செல்போன் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடலாம். போனைப் பார்ப்பவர் பின்னால் உட்கார்ந்திருப்பவராக இருக்கட்டும். மார்கழிக் காலையில் லேசாக ஆவி படிந்து, ஓடியதும் மறைந்தால் அது பழுதல்ல. உச்சி வெயிலில் திரை முழுக்கக் கறுத்து நிழலில் தெளிந்தால் அது திரவப் படிகத்தின் வெப்ப எல்லை, அதைத் தனிப் புகாராக எழுத வேண்டும்.

வாரண்டி மறுப்புக்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: பிரஷர் வாஷ் செய்ததால் வந்தது. வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க நனைய வேண்டிய பாகம் அது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையங்களிலும் வண்டியை அதே பம்பால்தான் கழுவுகிறார்கள். மீட்டருக்கு நேராகக் குழாயைப் பிடிக்கக்கூடாது என்றால் மீட்டரிலேயே எழுதி ஒட்டுங்கள், அதுவும் தமிழில்.

மாற்றிக் கொடுத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. புது மீட்டரும் அதே துளை, அதே கப்ளர். அது 0 கிலோமீட்டரிலிருந்து தொடங்குகிறது. அந்தக் காலத்துக் கேபிள் மீட்டரில் கேபிள் அறுந்தால் கேபிளை மட்டும் மாற்றினோம், ஓடிய கணக்கு அப்படியே இருந்தது. இப்போது முழு மீட்டரும் போவதால் வண்டியின் கணக்கே அழிகிறது. விற்கும்போது வாங்குபவர் மீட்டரைத் திருப்பிவிட்டார்கள் என்று சந்தேகப்படுகிறார். கிலோமீட்டர் கணக்கில் தரும் வாரண்டிக்கும் ஆதாரம் இல்லாமல் போகிறது. பழைய மீட்டரின் கடைசி அளவு, மாற்றிய தேதி, புது மீட்டரின் எண் மூன்றையும் பில்லிலும் சர்வீஸ் புத்தகத்திலும் முத்திரையோடு எழுதித் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். திரை செத்தபின் பழைய அளவு தெரியாவிட்டால், நினைவுச் சில்லிலிருந்து நிறுவனம் படித்துத் தரட்டும்.

அமைச்சகத்திடம் நாங்கள் கேட்பது சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதைத்தான். 2019 திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 110ஏ பிரிவு, ஓட்டுபவருக்கோ சாலையில் போகும் மற்றவருக்கோ தீங்கு தரக்கூடிய குறைபாடு இருந்தால் வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. குறைபாடு உதிரிபாகத்தில் இருந்தால், எந்த மாடல் என்று பாராமல் அந்தப் பாகம் பொருத்திய எல்லா வண்டிகளையும் திரும்பப் பெறச் சொல்லலாம் என்கிறது அதன் இரண்டாம் உட்பிரிவு. இங்கே வேண்டியது அதுதான். தகவல் உரிமையாளர்களிடமிருந்து குறிப்பிட்ட விகிதத்திலோ, சோதனை நிறுவனத்திடமிருந்தோ, ‘வேறு எந்த ஆதாரத்திலிருந்தும்’ வரலாம் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. உரிமையாளர் விகிதத்தை மட்டும் நம்பினால் எண்ணிக்கை தேறாது. கல்லலில் பால் ஊற்றப் போகிறவர் அரசின் வாகன் இணையதளத்தில் புகார் பதிய உட்கார மாட்டார், பட்டறைக்குத்தான் வருவார். வாரண்டியில் மாற்றிய மீட்டர்களும் வாடிக்கையாளர் புகாராகப் பதிவாவதில்லை. ஆகவே பட்டறைப் பதிவுகளை அந்த ‘வேறு ஆதாரமாக’ ஏற்க வேண்டும். லாட் எண் வாரியாக எத்தனை மீட்டர் மாற்றப்பட்டது என்ற கணக்கை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். ஒரகடத்தில் உள்ள வாகனச் சோதனை மையத்திலோ புனேயின் ஏஆர்ஏஐ என்னும் வாகன ஆராய்ச்சி நிறுவனத்திலோ மேலே சொன்ன சூடு–தூசி–குளிர்நீர் வரிசையில் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

நிறுவனத்துக்கு: தானே குறைபாட்டை அறிவித்துத் திரும்பப் பெறும் தயாரிப்பாளருக்கு அபராதம் இல்லை என்று அதே பிரிவு சொல்கிறது. உத்தரவு வரும்வரை காத்திருப்பதில் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை.

அதுவரை ஓட்டுபவர்களும் சக மெக்கானிக்குகளும் செய்யக்கூடியது சில உண்டு. கடிகாரம் இரண்டாம் முறை அழிந்தாலே கப்ளரைத் திறந்து பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காற்றால் உலர்த்தி, மின்கடத்தாக் கிரீஸை மெல்லிதாகப் பூசி, வயரைக் கீழே ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். மூச்சுத்துளைத் தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள்; ஊசியால் குத்தினால் சவ்வு கிழியும். சிலிக்கான் போட்டு அந்தத் துளையை அடைக்கவே அடைக்காதீர்கள். நம் பட்டறைகளில் சிலர் செய்கிற இந்த வைத்தியம்தான் நோயை வளர்க்கிறது. வெயிலில் நின்ற வண்டியை அரைமணி நேரம் நிழலில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை மீட்டர் அளவைத் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி மறுக்கப்பட்டால் மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியுங்கள்.

கழற்றிய மீட்டர்களை நாங்கள் எறியவில்லை. கப்ளரோடு, களிம்பைத் துடைக்காமல், ஒவ்வொன்றிலும் சேசிஸ் எண்ணும் தேதியும் எழுதித் தனித்தனிப் பையில் வைத்திருக்கிறோம். சோதனை நிறுவனத்தின் கடிதத்தோடு யார் வந்தாலும், ரசீது பெற்றுக்கொண்டு ஒப்படைப்போம்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டார இருசக்கர வாகன மெக்கானிக்குகள்