மலைச்சாலை அமைக்கும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களே,

வணக்கம். நானும் என் கணவரும் ஐந்து நாள் மலைநாட்டில் காரில் சுற்றிவிட்டு நேற்றுதான் திரும்பினோம். பெரும்பாலும் நான்தான் ஓட்டினேன். "அதோ பார், அருவி!" என்று அவர் சொல்லும்போதெல்லாம் "வளைவு வருகிறது, பார்க்க முடியாது" என்பதே என் பதிலாக இருந்தது. ஒரே காரில் போனோம். மலையைப் பார்த்தவர் அவர், சாலையைப் பார்த்தவள் நான்.

மூன்றாம் நாள் காலை நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். கீழிறங்கும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. திரும்பியதும் எங்கள் தடத்திலேயே ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. பிரேக்கை மிதித்தேன், சக்கரத்தடியில் சரளைக்கல் நறநறவென்று அரைபட, ஒரு முழ இடைவெளியில் வண்டி நின்றது. என் கணவர் உடனே இறங்கி, பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்க மேல்நோக்கி ஓடினார். நான் கோபத்தோடு முன்னால் போனேன். தடுப்புச் சுவரருகே எங்கள் வயதொத்த கணவனும் மனைவியும் பேச்சற்று நின்றிருந்தார்கள். அவர்கள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். மூடுபனி அப்போதுதான் கிழிந்து, பள்ளத்தாக்கின் அடியில் ஆறு ஒரே ஒரு வளைவில் மட்டும் வெயில் பட்டு மின்னியது. ஒரு நிமிடம்கூட இராது, மறுபடி மூடிக்கொண்டது.

வளைவில் வண்டியை நிறுத்தியது தவறு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு குடும்பங்கள் அன்று அழிந்திருக்கலாம். ஆனால் அங்கிருந்து கீழே 14 கிலோமீட்டர் தூரம் கவனித்துக்கொண்டே வந்தேன். ஒரு கார் முழுதாக ஒதுங்கி நிற்க ஓர் இடம்கூட இல்லை. உச்சியில் மட்டும் பெரிய காட்சிமுனை, அகலமான வாகன நிறுத்துமிடம். நாங்கள் போனபோது அங்கே மேகத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. மலை தன்னைக் காட்டுவது உச்சியில் மட்டுமல்ல, பாதி வழியில், வளைவுகளிலும்தான். அங்கே நிற்க இடம் கொடுக்காத சாலையில், மக்கள் சாலையிலேயே நிற்கிறார்கள்.

இது காட்சிக்காக மட்டும் கேட்பதில்லை. நெடிய இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். குறைந்த கியரில் எஞ்சினின் இழுவையில் இறங்க வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்கும், கருகல் வாடை வந்த பிறகு வண்டியை ஆறப்போட ஓர் இடம் வேண்டும். குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்று 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சொல்கிறது. எங்கே ஒதுங்கி வழிவிடுவது?

முடியாததைக் கேட்கவில்லை. அமெரிக்காவின் புளூ ரிட்ஜ் பார்க்வே, 1935இல் தொடங்கி 1987இல் முழுமை பெற்ற 755 கிலோமீட்டர் சாலை. பார்த்துக்கொண்டே போவதற்கென்றே அமைத்தார்கள். வேகம் பெரும்பாலும் மணிக்கு 45 மைலுக்குள். வழிநெடுக நின்று பார்க்கும் இடங்கள். எல்லா மலையிலும் அவ்வளவு அகலம் கிடைக்காது என்பதை அறிவேன். பாறையைக் குடைவதும் சரிவுக்குத் தாங்குசுவர் கட்டுவதும் செலவு பிடிக்கும் வேலை. எனவே நான் கேட்பது இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு பிதுக்கம், வளைவின் மேலல்ல, வளைவுக்கு முன்போ பின்போ, இருபுறமும் பார்வை மறையாத இடத்தில். கூடவே, அது வருவதற்கு 500 மீட்டர் முன்பே ஓர் அறிவிப்புப் பலகை. அந்தப் பலகை மிக முக்கியம். கடைசி நொடியில் கண்ணில் படும் ஒதுங்குமிடம் திடீர் பிரேக்கைத்தான் வரவழைக்கும்.

அடுத்த ஆண்டு அதே சாலையில் மீண்டும் போகப்போகிறோம். அந்த ஐந்து நாட்களில் நான் பார்த்து அவர் பார்க்காதது அந்த ஆறு ஒன்றுதான்; அவர் அந்த நேரத்தில் மேலே நின்று வண்டிகளுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். அதை அவருக்குக் காட்ட வேண்டும். அந்த வளைவுக்குச் சற்று முன்னால் எங்களுக்கு ஓர் இடம் செய்து கொடுங்கள்.

அன்புடன்,
மலைச்சாலையில் கார் ஓட்டும் ஒரு பெண்