கார் கீறலை விடு, சம்பந்தி அம்மாவின் ஸ்டென்ட்டைப் பார்

அன்புள்ள பாப்பா,

நியூசிலாந்துப் பயணத்துக்கு என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு பட்டியலையும், வாடகைக் காருக்கு ஒன்று, பயணக் காப்பீட்டுக்கு ஒன்று, பார்த்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். வாடகைக் கார்க்காரன் நாளுக்கு இவ்வளவு என்று கேட்கும் 'முழுப் பாதுகாப்பு'க்கு மாப்பிள்ளை யோசிக்காமல் தலையாட்டியிருக்கிறார். ஆனால் ஐந்து பேருக்கான பயணக் காப்பீட்டில் மட்டும், இருப்பதிலேயே மலிவான, 50,000 அமெரிக்க டாலர் வரை மட்டும் தரும் பாலிசியாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. காரில் வரும் நஷ்டத்துக்கு ஓர் எல்லை உண்டு, ஆஸ்பத்திரி பில்லுக்குக் கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளைம் மேசையிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன்.

முதலில் காரை முடித்துவிடுவோம். நியூசிலாந்தில் வாடகையோடு சேர்த்தே ஓர் அடிப்படை இன்சூரன்ஸ் வந்துவிடும். அதில் 'எக்ஸஸ்' என்று ஒரு தொகை போட்டிருப்பான், வண்டி அடிபட்டால் அதுவரைக்கும் உங்கள் கைக்காசு, அதற்கு மேல் அவன் பாடு. எக்ஸஸ் 4,000 நியூசிலாந்து டாலர் என்றால், டாலருக்கு 50 ரூபாய் வைத்துக்கொண்டால்கூட இரண்டு லட்சம். வலிக்கும்தான், ஆனால் அதோடு முடிந்தது. அதைக் குறைக்கத்தான் தினப்படி அந்தக் கூடுதல் பணம். மலைப்பாதையில் ஓட்டப்போவதால் கட்டினாலும் தப்பில்லை. ஆனால் யாரிடம் கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். புக்கிங் தளத்தில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் வேறு ஒரு கம்பெனியின் பாலிசி. கவுண்டரில் அது செல்லாது. வண்டி அடிபட்டால் கார்க்காரன் உங்கள் கிரெடிட் கார்டிலிருந்து முழு எக்ஸஸையும் எடுத்துக்கொள்வான், நீங்கள் ரசீது, போட்டோ எல்லாம் சேர்த்து அனுப்பி அப்புறம்தான் திரும்ப வாங்க வேண்டும். சாவி வாங்கும்போதே டெபாசிட்டாக ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தியும் வைப்பார்கள். அதனால் ஓட்டுகிறவர் பெயரிலேயே, போதிய லிமிட் உள்ள கார்டு ஒன்று கையில் வேண்டும்.

நஷ்டத்துக்கு எல்லை உண்டு என்றேன் இல்லையா, ஒப்பந்தத்தை மீறாத வரைக்கும்தான் அது. குவீன்ஸ்டவுன் பக்கத்தில் ஸ்கிப்பர்ஸ் ரோடு என்று ஒன்று இருக்கிறது, படத்தில் பார்த்தால் மாப்பிள்ளைக்கு ஆசை வரும். வாடகைக் கார் அங்கே போனால் இன்சூரன்ஸ் கிடையாது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினாலும், தண்ணி போட்டு ஓட்டினாலும் அதே கதிதான், எக்ஸஸ் என்ற பேச்சே இல்லாமல் வண்டி விலை மொத்தமும் உங்கள் தலையில் விழும். மாப்பிள்ளைக்கு அசதியானால் நீ ஓட்டுவாய் என்றால் உன் பெயரையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். டயர், முன் கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம், கூரை, மாற்றிப் போட்ட எரிபொருள், இதெல்லாம் 'முழு'வில் சேர்த்தியா என்றும் கேட்டு வாங்குங்கள், பல இடத்தில் முழு என்று பெயர்தான் இருக்கும். மில்ஃபோர்ட் போகிற வழியில் கியா என்று ஒரு மலைக்கிளி உண்டு, நின்றிருக்கும் காரின் ரப்பரைக் கொத்திப் பிய்ப்பதுதான் அதற்குப் பொழுதுபோக்கு. பேத்தி கட்டாயம் பார்க்க வேண்டியதுதான், ஆனால் அந்த ரப்பருக்கு யார் பணம் தருவார்கள் என்பதையும் கேட்டுவிடு! அதே ரோட்டில் மே முதல் நவம்பர் வரை பனிச்சரிவுக் காலம், சங்கிலி வேண்டும் என்று பலகை வைத்திருந்தால், பனியில் வழுக்காமல் இருக்க டயரில் மாட்டும் சங்கிலி இல்லாமல் போகக்கூடாது. நீங்கள் மே லீவில் போவதால் சங்கிலி தருவார்களா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி நிஜமான விஷயம். அந்த நாட்டில் ஒரு விசேஷம் உண்டு. 1974 முதல் ஏ.சி.சி. என்ற அரசுத் திட்டம் நடக்கிறது. விபத்தில் யாருக்குக் காயம் பட்டாலும், யார் மேல் தப்பு என்று பார்க்காமல் சிகிச்சைக்கு உதவும், சுற்றிப் பார்க்க வந்தவருக்கும் சேர்த்துத்தான். அதனால்தான், நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் நஷ்டத்துக்கு என்று நம் ஊரில் சட்டமே கட்டாயமாக்கிய தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் அங்கே கட்டாயம் இல்லை. எங்கள் ஆபீசில் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். ஆனால் அது காயத்துக்கு மட்டும், நோய்க்கு இல்லை. சின்னவன் வழுக்கி விழுந்து கை ஒடிந்தால் ஏ.சி.சி. பார்த்துக்கொள்ளும், அதே பிள்ளைக்குக் குடல்வால் வீங்கினால் பில் உங்களுக்குத்தான் வரும். காயம்பட்டவரை ஊருக்கு அழைத்து வருகிற செலவையும் ஏ.சி.சி. தராது. அதற்கெல்லாம்தான் பயணக் காப்பீடு. இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் பாலிசிக்குப் போங்கள், உங்கள் வயதில் பிரீமியம் பெரிதாக ஏறாது.

உங்கள் வயதில் என்றேன். சம்பந்தி அம்மா விஷயம் வேறு. இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர், சர்க்கரையும் இருக்கிறது. பாலிசி கேட்டு நிரப்பிக் கொடுக்கும் ப்ரொபோசல் ஃபார்மில் இரண்டையும் எழுதத்தான் வேண்டும். "அதெல்லாம் சரியாப் போச்சு, எதுக்கு எழுதணும்" என்று அவர் சொல்லக்கூடும், பிரீமியம் கூடுமே என்று மாப்பிள்ளைக்கும் தோன்றும். ஃபார்மில் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு அங்கே நெஞ்சுவலி என்று போய்ப் படுத்தால், பழைய ரிப்போர்ட்டைத்தான் முதலில் கேட்பார்கள், கிளைம் அங்கேயே நின்றுவிடும். எழுதினாலும் எல்லாம் கிடைத்துவிடாது. பல பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் நோய் என்றால் உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள்தான் தருவார்கள். வயதானவர்களுக்கு நோய்வாரியாகத் தனி உச்சவரம்பும் வைத்திருப்பார்கள். அதனால் அவருக்கு மட்டும் தனி பாலிசி, ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகம் தருவதாகப் பார்த்து எடுங்கள். குடும்பப் பாலிசியில் ஐவரையும் அடைப்பது சிக்கனமாகத் தெரியும், அவருக்குத்தான் அது உதவாது. நீ நேரடியாகப் பேச வேண்டாம், மருமகள் கணக்குப் பார்க்கிறாள் என்று ஆகிவிடும், மாப்பிள்ளையையே பேசச் சொல்.

பெட்டி தொலைந்தால், விமானம் தாமதமானால் என்று பட்டியலில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதை எல்லாம் பார்த்து மயங்க வேண்டாம், சில்லறைத் தொகை.

சின்னவனுக்கு ஏழு வயது ஆகவில்லை, அங்கே சட்டப்படி குழந்தை சீட் கட்டாயம், காரோடு சேர்த்தே புக் பண்ணிவிடு. லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் அப்படியே செல்லும். இருந்தாலும் கார்க்காரன் இன்டர்நேஷனல் பெர்மிட் கேட்கிறானா என்று பார். ஆர்.டி.ஓ. ஆபீசில் 1,000 ரூபாய்தான், ஆனால் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் வாங்க வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் எனக்கு இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று, பாலிசியின் முழு வாசகம், நான்கு பக்க விளம்பரம் இல்லை. இன்னொன்று, சம்பந்தி அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்டென்ட் வைத்த தேதியோடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அப்பா