14 பக்க நோட்ஸில் பால் எங்கே?

சனிக்கிழமை ரியூஷன் நடத்தும் ஆசிரியர்களுக்கும், பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுக் காருக்குள் இருந்து போன் பார்க்கும் என்னைப் போன்ற பெற்றோருக்கும்,

வணக்கம். நான் லண்டனில் இருக்கும் ஒரு தகப்பன். என் மகளுக்கு வருகிற மே மாதம் ஜி.சி.எஸ்.ஈ. (இங்கே பதினாறு வயதளவில் எழுதும் பொதுச் சோதனை) ஆங்கில இலக்கியச் சோதனை. அதில் ஒரு கேள்வி ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய 'விலங்குப் பண்ணை' நாவலைப் பற்றி வரும். பண்ணை மிருகங்கள் முதலாளி ஜோன்ஸைத் துரத்திவிட்டு, நெப்போலியன், ஸ்னோபோல் என்ற பன்றிகளின் தலைமையில் பண்ணையைத் தாங்களே நடத்தப் பார்க்கும் கதை, ரஷ்யப் புரட்சியை மனதில் வைத்து எழுதியது. உங்களிடம் வருகிற பிள்ளைகளில் பலருக்கும் இதே புத்தகம்தான். அதனால் ஒருவருக்கு என்று எழுதாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன். எந்த ரியூஷன் என்று கேட்காதீர்கள். ஆசிரியரில் எனக்குக் கோபமில்லை, அவர் கொடுத்த நோட்ஸில்தான் கோபம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த நோட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு மகளிடம் கேள்வி கேட்க உட்கார்ந்தேன். 14 பக்கம், மூலையில் ஸ்டேப்பிள் அடித்தது. முதல் 9 பக்கமும் ரஷ்ய வரலாறு. அட்டவணை போட்டு இடப்பக்கம் மிருகம், வலப்பக்கம் மனிதன். மிச்சம் 5 பக்கம் பாடமாக்க வேண்டிய மேற்கோள்கள். நான் "நெப்போலியன்?" என்றால் அவள் "ஸ்டாலின்." "ஸ்னோபோல்?" "ட்ரொட்ஸ்கி." "பக்கத்துப் பண்ணை பிரெடரிக்?" "ஹிட்லர்." ஒரு தடங்கல் இல்லை. சின்ன வயதில் நாங்கள் வாய்ப்பாடு ஒப்புவித்த அதே ராகம்.

எனக்குச் சந்தோஷம்தான். அப்புறம் சும்மா ஒரு கேள்வி கேட்டேன்: "சரி, பால் என்ன ஆனது?"

"என்ன பால்?"

நோட்ஸை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். பால் என்ற பேச்சே இல்லை.

நாவலை வாசித்துப் பல வருஷம் ஆனவர்களுக்காக அந்த இடத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். இரண்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். ஜோன்ஸைத் துரத்தியாகிவிட்டது. களஞ்சியச் சுவரில் மிருகங்கள் எல்லாம் கைக்கொள்ள வேண்டிய ஏழு கட்டளையும் எழுதியாகிவிட்டது, பெயின்ட் காய்ந்துகூட இருக்காது. 24 மணித்தியாலமாகக் கறக்காத பசுக்கள் மடி கனத்துக் கத்துகின்றன. பன்றிகள் வாளிகளைக் கொண்டுவரச் சொல்லித் தாங்களே கறக்கின்றன. நுரை தள்ளும் ஐந்து வாளிப் பால். இவ்வளவு பாலையும் என்ன செய்வது என்று யாரோ கேட்கிறார்கள். ஜோன்ஸ் சில நேரம் எங்கள் தீவனத்திலும் கொஞ்சம் கலந்து தருவானே என்று ஒரு கோழி சொல்கிறது. நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நிற்கிறது. பாலை விடுங்கள் தோழர்களே, அறுவடைதான் முக்கியம், ஸ்னோபோல் கூட்டிக்கொண்டு போவார், நான் கொஞ்ச நேரத்தில் வருகிறேன் என்கிறது. எல்லோரும் வயலுக்குப் போய்ப் பொழுதுபடத் திரும்பி வருகிறார்கள். பாலைக் காணவில்லை.

அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்தது. அங்கே இரத்தம் இல்லை, குரைக்கும் நாய்கள் இல்லை. ஆனால் 1946 டிசம்பரில் அமெரிக்க எழுத்தாளர் ட்வைட் மக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில், கதை திரும்புகிற இடம் இதுதான் என்று ஓர்வெல்லே சொல்கிறார். பன்றிகள் பாலையும் அப்பிளையும் தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட அந்த நேரத்திலேயே மற்ற மிருகங்கள் முடியாது என்று நின்றிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும் என்கிறார். எழுதியவரே விரல் வைத்துக் காட்டிய இடம் 14 பக்கத்துக்குள் வரவில்லை.

அந்தப் பால் போன இடம் மூன்றாம் அத்தியாயத்தில் தெரியவரும். தினமும் பன்றிகளின் தீவனத்தில் கலக்கிறார்களாம். எங்களில் பலருக்குப் பாலும் அப்பிளும் பிடிக்கவே பிடிக்காது, பண்ணையை நிர்வகிக்க மூளைக்குத் தேவை என்று விஞ்ஞானம் நிரூபித்திருக்கிறது, உங்களுக்காகத்தான் குடிக்கிறோம் என்று ஸ்குவீலர் என்ற வாய்ச்சாலகப் பன்றி வந்து விளக்குகிறது. பெரிய மனிதர்களுக்கும் இந்தப் பேச்சில் ஒரு நியாயம் தெரிந்திருக்கிறது. 1944இல் பேபர் பதிப்பகத்தின் சார்பில் இந்தக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிய கவிஞர் டி.எஸ். எலியட், மற்ற மிருகங்களைவிடப் பன்றிகள்தானே புத்திசாலிகள், அவைதானே பண்ணையை நடத்தத் தகுந்தவை, பொதுநலமுள்ள பன்றிகள் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் போதும் என்று ஒருவர் வாதிடலாமே என்ற கருத்தில் எழுதினார். பதினைந்து வயதுப் பிள்ளை எலியட்டோடு சண்டை பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இன்னொன்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. எதிலுமே ஒத்துப்போகாத ஸ்னோபோலும் நெப்போலியனும் இந்தப் பால் விஷயத்தில் மட்டும் ஒரே குரல். உங்கள் அட்டவணையில் ஸ்னோபோலுக்கு நேரே 'உண்மையான புரட்சியாளர், நல்லவர்' என்று போட்டிருக்கிறது. அந்த வரியை வாசித்த பிள்ளை அப்படி எழுதுமா?

அட்டவணையோடு எனக்குப் பழைய பகையும் ஒன்று உண்டு. ஊரில் நான் இந்தப் புத்தகத்தை முதன்முதல் வாசித்தது எண்பதுகளின் கடைசியில். அட்டை கழன்ற ஒரு பிரதி, கைமாறிக் கைமாறி வந்தது. வாசித்த ஒவ்வொருவனும் நெப்போலியன் இன்னார்தான் என்று அடித்துச் சொன்னான். அந்த இன்னார் எப்போதும் அடுத்த இயக்கத்து ஆள். தன் பக்கத்து வாளியை எவனும் எட்டிப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. இப்போது மகளுக்கு 'ஸ்டாலின்' என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் அவளுக்கும் அதே வசதி. எங்கேயோ, எப்போதோ, செத்துப்போன ஒரு ரஷ்யத் தலைவர். கதை முடிந்தது.

இதை ஆசிரியரிடம் கதைத்தபோது, "அண்ணா, வரலாற்றுச் சூழலுக்குப் புள்ளி இருக்கு, எழுதாட்டி வெட்டிப்போடுவாங்கள்" என்றார். சரி, கணக்கைப் பார்ப்போம். என் மகள் எழுதும் தாளில் இந்தக் கேள்விக்கு 30 புள்ளி, எழுத்துப்பிழை, வசனப்பிழைக்கு வேறாக 4. அந்த 30இல் சூழலுக்கு 6. நாவலை விளங்கி ஆதாரத்தோடு வாதிப்பதற்கு 12. ஓர்வெல் சொற்களை எப்படிக் கையாளுகிறார் என்று காட்டுவதற்கு இன்னொரு 12. ஆறு புள்ளிக்கு 9 பக்கம், 24 புள்ளிக்கு 5 பக்கம் என்றால் வியாபாரமாகப் பார்த்தாலும் நட்டம்.

பாடமாக்கத்தான் வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன். 2017இலிருந்து நடக்கும் புதிய சோதனையில் பிள்ளை நாவலை மண்டபத்துக்குள் கொண்டுபோக முடியாது. கோவிட்டுக்குப் பிறகு கணக்குக்கும் பௌதிகத்துக்கும் சூத்திரத் தாள் கொடுக்கிறார்கள், நாவலுக்கு அந்தச் சலுகை இல்லை. இது ரியூஷன்காரரின் பிழை இல்லை. ஆனால் எனக்குச் சிரிப்பு வருகிறது. எழுதி வைத்ததைத் திரும்பப் போய்ப் பார்க்க முடியாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதுதானே இந்த நாவலில் பாதி?

பன்றிகள் வீட்டுக் கட்டிலில் படுக்கத் தொடங்கியதும் குளோவர் என்ற குதிரைக்கு ஒரு உறுத்தல். கட்டிலில் படுக்கக் கூடாது என்று ஒரு கட்டளை இருந்ததே? சுவரடிக்குப் போகிறது. அதற்கு எழுத்துத் தெரியும், கூட்டி வாசிக்கத் தெரியாது. மியூரியல் என்ற வெள்ளாட்டைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறது. 'பெட்ஷீட் விரித்த கட்டிலில் எந்த மிருகமும் படுக்கக் கூடாது' என்று ஆடு வாசிக்கிறது. பெட்ஷீட் என்று ஏதும் இருந்ததாகக் குளோவருக்கு ஞாபகமில்லை. ஆனால் சுவரில் இருக்கிறதே, அப்போ முதலிலும் இருந்திருக்கத்தான் வேண்டும். பிறகு ஒரு நடுச்சாமத்தில் ஏணி முறிந்து ஸ்குவீலர் அந்தச் சுவரடியில் விழுந்து கிடக்கிறது. பக்கத்தில் லாந்தர், தூரிகை, கவிழ்ந்த வெள்ளைப் பெயின்ட். அதைக் கண்ணால் கண்டும் பெஞ்சமின் என்ற கழுதையைத் தவிர ஒருவருக்கும் விளங்கவில்லை.

இதை மகளிடம் சொன்னபோது, "இவ்வளவு மொக்காகவா இருப்பார்கள்?" என்றாள்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் சோதனைக் காலத்துக்கென்று நான் ஐந்து விதி எழுதி ஒட்டியிருக்கிறேன். மூன்றாவது, 'படிக்கும் நேரத்தில் போன் பார்க்கக் கூடாது.' ஒரு கிழமை கழித்து அவள் மேசையில் போனும் கையுமாக இருந்தாள். நான் சத்தம் போட்டேன். அவள் எழும்பாமலே ஃபிரிட்ஜைக் காட்டினாள். 'படிக்கும் நேரத்தில் அளவுக்கு மிஞ்சிப் போன் பார்க்கக் கூடாது.' அதே நீலப் பேனை, என் எழுத்தைப் போலவே சாய்ந்த எழுத்து, இடுக்கில் செருகியிருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் நானே அப்படித்தான் எழுதினேனோ என்று யோசித்தேன். அது எழுதி நாலு நாளாம். அவள் அம்மாவுக்கு முதல் நாளே தெரியுமாம், ஒன்றும் சொல்லவில்லை. "அம்மாதான் பெஞ்சமின்" என்றாள் மகள்.

பாடமாக்கச் சொல்வதானால் இதைப் பாடமாக்கச் சொல்லுங்கள். கட்டளைகள் முதலில் எப்படி இருந்தன, பிறகு எப்படி ஆயின. கட்டிலுக்கு 'பெட்ஷீட்', குடிக்கு 'அளவுக்கு மிஞ்சி', கொலைக்கு 'காரணமில்லாமல்'. ஒன்றோ இரண்டோ சொல்தான், பிள்ளைக்கு ஞாபகம் வைப்பதும் லேசு. சொல்லைக் கையாளும் விதத்துக்கு என்று ஒதுக்கிய 12 புள்ளியும் இந்தச் சின்னச் சொற்களில்தான் கிடக்கிறது.

பொக்ஸருக்கு நேரே 'தொழிலாளர் வர்க்கம்' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். நான்கு எழுத்துக்கு மேல் கற்க முடியாத, எது நடந்தாலும் இன்னும் கடினமாக உழைப்பேன் என்று சொல்லும் குதிரை அது. பெட்ரோல் செட்டில் இரவு வேலையும் கடையில் பகல் வேலையுமாக இந்த நாட்டில் தொடங்கியவர்கள் எங்களில் எத்தனை பேர்? உழைத்து உழைத்து விழுந்த பொக்ஸரை ஏற்றிப்போக வந்த வண்டியில் குதிரை வெட்டிப் பசை காய்ச்சுகிறவரின் பெயர் எழுதியிருக்கிறது. மற்றவை எல்லாம் சுற்றி நின்று போய்வா என்று கத்த, வாசிக்கத் தெரிந்தும் அதுவரை வாசிக்க மறுத்த பெஞ்சமின் அதை உரக்க வாசிக்கிறது. நேரம் கடந்துவிட்டது. பிறகு ஸ்குவீலர் சொல்கிறது, அந்த வண்டியை மிருக வைத்தியர் வாங்கிவிட்டாராம், பழைய பெயரை இன்னும் அழிக்கவில்லையாம். சுவரை இரவோடிரவாக அழித்து எழுதிய ஆள் சொல்லும் சாக்குப்போக்கைப் பாருங்கள்!

சூழலுக்கான அந்த 6 புள்ளிக்கும் நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது, அதை ஏன் விட்டீர்கள் என்று தெரியவில்லை. 1947இல் வந்த உக்ரேனிய மொழிபெயர்ப்புக்கு ஓர்வெல் ஒரு முன்னுரை எழுதினார். பத்து வயது இருக்கும் ஒரு பையன் ஒடுக்கமான பாதையில் பென்னாம்பெரிய வண்டிக்குதிரையை ஓட்டிப்போனதையும், அது திரும்ப முயலும்போதெல்லாம் சாட்டையால் அடித்ததையும் கண்டாராம். இந்த மிருகங்களுக்குத் தங்கள் பலம் தெரியவந்தால் மனிதன் கதி என்ன என்று யோசித்தாராம். கதை அங்கிருந்து பிறந்தது. அந்த மொழிபெயர்ப்பு யாருக்காக? போருக்குப் பிறகு ஜெர்மனி முகாம்களில் இருந்த உக்ரேனிய அகதிகளுக்காக. மியூனிக்கில் இருந்த அமெரிக்க அதிகாரிகள் 1,500 பிரதிகளைப் பறித்துச் சோவியத் ஆட்களிடம் கொடுத்துவிட்டதாக ஓர்வெல் ஒரு கடிதத்தில் எழுதுகிறார். அதற்கு முன்பே ஏறத்தாழ 2,000 பிரதிகள் முகாம்களுக்குள் போய்விட்டன. முகாம் என்றால் என்ன, பறித்துக்கொள்வது என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்க நோட்ஸ் தேவையில்லை.

ஆசிரியர்களே, அந்த 9 பக்கத்தை 2 பக்கமாக்குங்கள். நாவலில் பத்தே பத்து அத்தியாயம்தான். சனிக்கு ஒன்றாக வகுப்பில் உரக்க வாசிக்க விடுங்கள். பெற்றோரே, நீங்களும் வாசியுங்கள். இரண்டு பின்னேரத்தில் முடியும். 2021இலிருந்து இங்கே இதற்குக் காப்புரிமை இல்லை, மலிவுப் பதிப்புகள் கிடைக்கின்றன. காருக்குள் இருக்கும் நேரத்தில் அதையே போனில் வாசிக்கலாம்.

போன கிழமை மகள் இரண்டாம் அத்தியாயத்தைத் திரும்ப வாசித்தாள். பாலைப் பற்றிப் பேசிய அந்தக் கோழியில் வந்து நின்றுவிட்டாள். எங்களுக்கும் கொஞ்சம் கிடைக்குமே என்று கேட்ட ஒரே மிருகம். ஓர்வெல் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. "அப்பா, இந்தக் கோழி ரஷ்யாவில் யார்?" என்று கேட்டாள். நோட்ஸை எடுத்துப் பார்த்தோம், இல்லை. சனிக்கிழமை ரியூஷனில் கேள் என்று சொல்லியிருக்கிறேன். கேட்பாள். உடனே பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அட்டவணையில் இன்னொரு வரி போட்டு ஒரு பெயரை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
இயர் 11 பிள்ளை ஒன்றின் தகப்பன்,
லண்டன்