நாற்பது பெட்டிகளுக்கு நன்றி

டித்வா புயலுக்குப் பிறகு, யாழ்ப்பாணம் வலிகாமத்துத் தோட்டங்களிலிருந்து எங்கள் வீடுகளுக்கு நேரே மரக்கறி கொண்டுவந்த இரண்டாவது லொறி நேற்று விடியற்காலை கொழும்பு வெள்ளவத்தையில் இறங்கிவிட்டது. சரக்கு பழுதில்லை. பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை.

கட்டிய காசைத் திருப்பிக் கேட்காத வீட்டுக்காரர்கள், ஏ9 வீதியில் இரவிரவாகக் காத்துக் கிடந்த சாரதி அண்ணை, வெள்ளம் வடிய முன்னமே தோட்டத்தில் இறங்கிய வலிகாமத்து ஆட்கள், பை கட்டிய தொடர்மாடிப் பிள்ளைகள் எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடல் முக்கியமாக இன்னொருவருக்கு.

அவர் பேலியகொடை மெனிங் சந்தையில் மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி. பெயர் போட வேண்டாம் என்றார். அவரைப் போன்றவர்களைத் தாண்டிப் போகத்தான் நாங்கள் இந்த வேலையையே தொடங்கினோம். ஊர்ச் சந்தைக்குத் தோட்டக்காரர் 100 கிலோ கொண்டுபோனால் 10 கிலோவைக் கழிவு என்று காசு கொடுக்காமல் வெட்டுகிறார்கள், இங்கே வந்தால் கொமிசன். அந்தக் கோபத்தில் 'தரகர் இல்லாத மரக்கறி' என்று நோட்டீஸே அடித்திருந்தோம்.

முதல் லொறி சாக்கில் வந்தது. அடிச்சாக்கில் தக்காளி சாறாக ஒழுகியது. வேறு வழியில்லாமல் மாற்றுத் தக்காளி வாங்க அவரிடம் போனேன். என் சேட்டில் இருந்த கறையைப் பார்த்தார். "சாக்கிலயா ஏத்துனீங்க?" என்றார். பிறகு மூட்டை தூக்கும் நாட்டாமியைக் கூப்பிட்டு 40 பிளாஸ்டிக் பெட்டிகளை இறக்கச் சொன்னார். முற்பணம் கேட்கவில்லை. தானே ஒரு பெட்டியில் பேப்பர் விரித்து, முழுதாய்ப் பழுக்காத காய்வெட்டை அடியிலும் பழுத்ததை மேலேயும் அடுக்கிக் காட்டினார். "வாய்க்கு ரெண்டு விரல் குறைய நிரப்புங்க தம்பி. மேல் பெட்டி கீழ்ப் பெட்டி மேலதான் நிக்கணும், பழத்து மேல இல்ல."

இந்த நாட்டில் மரக்கறி, பழத்தில் 30 முதல் 40 வீதம் அறுவடைக்குப் பிறகே வீணாகிறது என்று நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இரண்டு விரல் கணக்கு எனக்குத் தெரியாது.

வெறும் பெட்டிகள் ஊருக்குப் போய், நேற்று நிறைந்து வந்தன. பெட்டிகளின் பக்கவாட்டில் அவர் கடையின் சிவப்புப் பெயின்ற் அடையாளம். கழிவு வெட்டுகிறவர்கள் மீது கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த நோட்டீஸை இனி அடிக்கமாட்டோம்.

பெட்டிகளைக் கழுவிக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும், ஈரத்தோடு அடுக்கக்கூடாதாம். சனிக்கிழமை காலை கை கொடுக்கக்கூடியவர்கள் சொல்லுங்கள். பிரஷ் இருக்கிறது, தேத்தண்ணியும் வடையும் என் பொறுப்பு.